எங்கே மாறுறீங்க?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் விமான டிக்கெட் கடை வைத்திருந்த ஆச்சி, வந்தவர்களிடம் "எந்த ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டு நான் பார்த்ததே இல்லை. "எங்கே மாறுறீங்க?" என்றுதான் முதலில் கேட்பார். வந்தவர் முழிப்பார். இன்னும் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை. எந்த விமானம், என்ன விலை என்று எதுவும் தெரியாது. அதற்குள் நடுவில் எந்த ஊரில் இறங்கி வேறு விமானம் ஏறப் போகிறாய் என்று கேட்டால் மனிதர் என்னதான் சொல்வார்?

"போற ஊரை ஒருத்தரும் தொலைக்க மாட்டாங்க. அங்கே கூப்பிட ஆள் நிக்கும். மாறுற ஊர்லதான் ஆள் தொலைஞ்சு போவாங்க" என்பார் ஆச்சி.

செட்டியார் வீட்டுப் பெண் என்பதால் எல்லாரும் ஆச்சி என்றுதான் கூப்பிட்டோம். மற்றபடி என் வயதுதான் அவருக்கும். நான் அந்தக் கடையைக் கூட்டித் துடைத்து, வருகிறவர்களுக்குத் தேநீர், காப்பி என்று தண்ணீர் கலக்கிக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. ஆச்சிக்கோ வாய் ஓயாது. அதனால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

வேலை கேட்டுப் போன முதல் நாளே என்னையும் கேட்டார்.

"வீடு எங்கே?"

"கிள்ளான்."

"எப்படி வந்தே? எங்கே மாறுனே?"

"மாறல ஆச்சி. கொமுட்டர் ரயில் நேரா சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வந்துருச்சு. அங்கேருந்து நடந்தேன்."

ஆச்சிக்கு முகம் விழுந்துவிட்டது. "ஓ, நேராவா" என்றார். நான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன் போல இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அவருக்கு நேராகப் போகிற எதுவும் பிடிக்காது. வருடம் ஒரு தடவை காரைக்குடிப் பக்கம் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவார். கோலாலம்பூரில் ஏறினால் நாலு மணி நேரத்தில் ஊர்ப்பக்கம் இறங்கிவிடலாம். திரும்பி வந்து, "தூங்கி எழுந்திரிச்சா வந்துருச்சு. என்ன இருக்கு அதுல?" என்று அலுத்துக்கொள்வார்.

கடைச் சுவர் முழுக்க ஒரு உலகப் படம். அதில் ஆச்சி கம்பளி நூலை இழுத்துக் கட்டியிருந்தார். ஒவ்வொரு விமானக் கம்பெனிக்கும் ஒரு நிறம். சின்ன ஊர்களுக்குக் குண்டூசி. ஆனால் சில ஊர்களில் முப்பது நாற்பது நூல் வந்து சேரும். குண்டூசி தாங்காமல் வளைந்துவிடும். அந்த ஊர்களுக்கு மட்டும் நீள ஆணி அடித்திருந்தார். நூல் சுற்றிச் சுற்றி அந்த ஆணிகள் பூப்பந்து போல உப்பியிருக்கும். "இதுக்குப் பேரு ஹப்பு" என்று ஒரு நாள் எனக்குச் சொன்னார். "ஊருக்கு ஊர் நேரா விமானம் விட்டா எத்தனை விமானம் வேணும், சொல்லு? அதனால எல்லாரையும் ஒரு ஊர்ல கொண்டாந்து இறக்குவாங்க. கலைச்சுப் பிரிச்சு வேற வேற விமானத்துல ஏத்தி விடுவாங்க. நம்ம சென்ட்ரல் ஸ்டேஷன்தான். ஆனா வானத்துல."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கிள்ளான் ரயிலும், சிரம்பான் ரயிலும், மோனோரயிலும் வந்து சேர்ந்து, அத்தனை ஜனமும் ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதை நான் தினமும் பார்க்கிறவள்தானே.

அந்தப் படத்தைத் தூசி தட்டுவது என் வேலை. கோழி இறகால் ஒவ்வொரு நூலாகத் தட்டுவேன். இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும், எந்த நூல் எங்கிருந்து எங்கே போகிறது என்று என் கைக்குத் தெரியும். ஆச்சி வாயால் கேட்டுக் கேட்டு ஊர்ப் பெயர்களும் வந்துவிட்டன.

ஆச்சியிடம் டிக்கெட் வாங்கினால் சும்மா போக முடியாது. நடந்து காட்ட வேண்டும். கடையில் இருக்கும் ஆறு நாற்காலியையும் ஆச்சி வெளியே நடைபாதையில் கொண்டு போய்ப் போடுவார். இதுதான் நீங்கள் இறங்கும் கேட், இதுதான் அடுத்த விமானத்தின் கேட், இங்கே போலீஸ் பையைத் திறந்து பார்ப்பான், இங்கே ரயில் ஏறணும். வழியில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். சுங்கை வேயிலிருந்து வந்த ஒரு அம்மா லண்டனில் இருக்கும் மகனைப் பார்க்கக் கிளம்பினார். மூன்று தடவை தப்பான நாற்காலியில் போய் நின்றார். நாலாவது தடவை சரியாகப் போனதும் ஆச்சி கைதட்டி, "ஏத்தியாச்சு!" என்று கத்தினார். பக்கத்துப் பூக்கடைக்காரரும் சேர்ந்து கைதட்டினார்.

கடைக்குத் திறக்கும் நேரம், மூடும் நேரம் என்று கிடையாது. தன்னிடம் டிக்கெட் வாங்கியவர் எந்த நேரத்தில் விமானம் மாறுகிறாரோ அந்த நேரத்தில் ஆச்சி கடையில் இருப்பார். மாறி ஏறினதும் ஒரு போன் வர வேண்டும். வந்த பிறகுதான் சாப்பாடு.

இப்படிப்பட்ட ஆச்சி ஒரு நாள் காலையில் ஒரு கிலோ லட்டோடு கடைக்கு வந்தார். நடையே ஒரு மாதிரி இருந்தது. குதிக்காத குறைதான்.

"செல்லம்மா, கல்யாணம்!"

"யாருக்கு ஆச்சி?"

"சிவப்புக்கும் நீலத்துக்கும்!"

அமெரிக்காவின் இரண்டு பெரிய விமானக் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்கின்றன. எங்கள் சுவரில் ஒன்று சிவப்பு நூல், ஒன்று நீல நூல். சிவப்பின் பெரிய ஆணி சிக்காகோ. நீலத்தின் பெரிய ஆணி அட்லாண்டா. இரண்டும் சேர்ந்தால் எத்தனை ஊர், எத்தனை விமானம் என்று ஆச்சி மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். சிவப்புக்கு இந்தப் பக்கம் டோக்கியோ வரை கை நீளும், நீலத்துக்குத் தெற்கே சின்னச் சின்ன ஊரெல்லாம் கைக்குள். ஒருத்தனிடம் இல்லாதது இன்னொருத்தனிடம் இருக்கிறது.

அன்றைக்குத்தான் காப்பார் என்ற ஊரிலிருந்து தவில் வாசிக்கும் அண்ணன் ஒருவர் கடைக்கு வந்தார். நல்ல ஆகிருதி, நெற்றி நிறையத் திருநீறு. கிள்ளான் பக்கம் எந்தக் கோயிலில் விசேஷம் என்றாலும் அவர் செட்டுதான். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், நாலு பேர். அமெரிக்காவில் தென் பக்கம் ஒரு சின்ன ஊரில் நம் ஆட்கள் கோயில் கட்டியிருக்கிறார்கள், கும்பாபிஷேகத்துக்கு வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார்.

ஆச்சி அவர் வாயில் ஒரு லட்டை வைத்தார்.

"கல்யாணம் சரி ஆச்சி, இதுல மாப்பிள்ளை யாரு, பொண்ணு யாரு?" என்றார் தவில் அண்ணன்.

"சிவப்பு மாப்பிள்ளை, நீலம் பொண்ணு. பேரு மாப்பிள்ளை பேரு. விமானத்துல அடிக்கிற பெயிண்டு பொண்ணு வீட்டுப் பெயிண்டு."

"அப்ப வீட்டுல பொண்ணு ராஜ்யம்தான் லா" என்று அவர் சிரித்தார். "எங்க வீட்டு மாதிரியே."

அன்றே சுவரை மாற்றியாக வேண்டும் என்று ஆச்சிக்கு ஒரே பரபரப்பு. சிவப்பு நூலையும் நீல நூலையும் சேர்த்து முறுக்கிப் புது நூல் செய்தோம். ஆச்சி ஸ்டூலில் ஏறி நிற்க, நான் கீழே நின்று கழட்டின நூலைப் பந்தாகச் சுற்றினேன். அப்போது ஆச்சிக்கு ஒரு யோசனை வந்தது.

"ரெண்டு குடும்பம் ஒரு வீட்டுக்கு வந்தா ரெண்டு அடுப்பு எதுக்கு? ஒண்ணை அணைச்சிருவாங்க. ஒரே ஊருக்கு ரெண்டு பேரும் விமானம் விட்டா, அதுல ஒண்ணை நிறுத்திருவாங்க."

தவில் அண்ணன் போக வேண்டிய அந்தச் சின்ன ஊர் அப்படிப்பட்ட ஊர்தான். சிக்காகோவிலிருந்து ஒரு சிவப்பு நூல் போனது. அட்லாண்டாவிலிருந்து ஒரு நீல நூலும் போனது. ஆச்சி கொஞ்ச நேரம் பார்த்தார். "மாப்பிள்ளை வீட்டு ஹப்பு சிக்காகோ. அதைத்தான் வெச்சுக்குவாங்க" என்று நீல நூலை வெடுக்கென்று உருவி என் கையில் போட்டார்.

அட்லாண்டாவிலிருந்து அந்த ஊர் என் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. சிக்காகோவிலிருந்து ஒரு சாண். தினமும் தட்டுகிறவளுக்குத் தெரியாதா? பக்கத்து அடுப்பை அணைத்துவிட்டு, தூரத்து அடுப்பில் யார் சமைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர வாய் வரவில்லை. ஆச்சி முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. நூலைச் சுற்றி பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிட்டேன்.

தவில் அண்ணன் செட்டுக்கு டோக்கியோ, சிக்காகோ, பிறகு அந்தச் சின்ன ஊர் என்று டிக்கெட் போட்டாகிவிட்டது. கிளம்புவதற்கு முந்தின வாரம் நாற்காலியைப் போட்டு நடக்க வைத்தார் ஆச்சி. நாலு பேரும் வேட்டியோடு, தவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் அங்கும் இங்கும் ஓடினார்கள்.

"ஆச்சி, பெட்டியை வெச்சிட்டு ஓடுறோமே, இதுல என்ன?"

"அங்கே பெட்டி இல்லாமலா ஓடப் போறீங்க? தூக்குங்க அண்ணே."

"கும்பாபிஷேகத்துக்குக் கூப்பிட்டாங்களா, ஓட்டப் பந்தயத்துக்குக் கூப்பிட்டாங்களா, தெரியலையே!"

அவர்கள் சிக்காகோவில் மாறும் நேரம் அங்கே சனிக்கிழமை சாயங்காலம், நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் முதல் ரயிலைப் பிடித்து வந்துவிட்டேன். எனக்கு வேலை நாள் இல்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஆச்சி எனக்கு முன்பே வந்து, போனை மேசை நடுவில் வைத்து, எதிரில் உட்கார்ந்திருந்தார்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. ஆச்சி ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஆச்சி, ரொம்ப சூசா லா, கஷ்டமாப் போச்சு." தவில் அண்ணனுக்குக் குரலே மாறியிருந்தது.

"எந்த கேட்ல நிக்கிறீங்க அண்ணே?"

"கேட்டே இல்லயே! போர்டுல அந்த ஊர் பேரே இல்ல. கவுண்டர்ல கேட்டா, அந்த விமானம் இப்ப ஒரு நாளைக்கு ஒண்ணுதானாம். மத்தியானமே போயிருச்சாம். இனிமே நாளைக்கு மத்தியானம்தானாம்."

"டிக்கெட்ல சாயங்காலம்னு இருக்கே?"

"அது பழைய நேரமாம். ரெண்டு கம்பெனி கம்ப்யூட்டரையும் போன வாரம்தான் ஒண்ணா சேர்த்தாங்களாம். எங்க டிக்கெட்டு நடுவுல மாட்டிக்கிச்சாம்."

ஆச்சி எழுந்து நின்றார்.

"நாளைக்குக் காலைல ஏழரை மணிக்குக் குடத்துத் தண்ணி ஊத்துறாங்க ஆச்சி," என்றார் அவர். "அந்த நிமிஷத்துல கெட்டிமேளம் விழணும். அங்கே வேற மேளக்காரன் கிடையாது. எங்களை நம்பித்தான் வேற யாரையும் கூப்பிடல. அஞ்சு வருஷமா காசு சேர்த்துக் கட்டின கோயிலு. நாங்க மத்தியானம் போய் யாருக்கு வாசிக்கிறது?"

"கார் எடுத்துப் போக முடியுமா?"

"ராத்திரி பூரா ஓட்டினாலும் போய்ச் சேராதாம்."

ஆச்சி சுவரிடம் போனார். சிக்காகோ ஆணியிலிருந்து அந்த ஊருக்குப் போன ஒற்றை நூலில் கையை வைத்தார். அந்த நூலை விட்டால் அந்த ஊருக்கு வேறு வழியே சுவரில் இல்லை. "நான்தான் இதுல போட்டேன். நான்தான் போட்டேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த நாலு பேரும் நாளை மத்தியானம்தான் போய் இறங்குவார்கள்.

"ஆச்சி," என்றேன். "அட்லாண்டாவுல இருந்து ஒரு நீல நூல் இருந்துச்சு."

"அதை நிறுத்திருவாங்கன்னுதானே கழட்டினோம்?"

"நிறுத்தலைன்னா? இதைத்தானே குறைச்சிருக்காங்க."

ஆச்சி என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். குண்டூசி பக்கத்தில் அந்தப் பழைய நூல் இருந்த தடம்கூட இன்னும் தெரிந்தது.

"ஐயோ! அடுப்பை மாத்தி அணைச்சிருக்காங்க!" என்று ஒரே கத்தல். "செல்லம்மா, இப்ப ரெண்டும் ஒரே கம்பெனி! முன்னாடின்னா புது டிக்கெட் வாங்கணும். இப்ப அதே டிக்கெட்டுல ஏத்தி விட்டுத்தான் ஆகணும். சிக்காகோல இருந்து அட்லாண்டா, அங்கேருந்து ஊரு! இந்தா, நீயே சொல்லு."

"நானா?"

"கண்டுபிடிச்சவ நீதானே. சொல்லு!"

போனை என் வாய்க்கு நேரே நீட்டிவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அண்ணே, அட்லாண்டா போயி மாறுங்க. அங்கேருந்து அந்த ஊருக்கு நீலக் கம்பெனி விமானம் இருக்கணும். ரெண்டு விரல் தூரம்தான்."

"யாரு பேசுறது?"

"தண்ணி கலக்குற செல்லம்மா."

"அக்காவா! ரெண்டு மாசமா வந்து போறேன், உங்க குரலை இப்பத்தான் கேக்குறேன்." பிறகு அவர் கவுண்டர் பெண்ணிடம் இங்கிலீஷில் என்னமோ கேட்பது கேட்டது. திரும்பி வந்தார். "இல்லைங்கிறா ஆச்சி. அவ கம்ப்யூட்டர்ல அந்தச் சின்ன விமானமெல்லாம் இன்னும் வரலியாம்."

"அவ பழைய சிவப்பு ஆளு அண்ணே! உடுப்பைப் பாருங்க. நீல உடுப்புப் போட்ட கவுண்டர் எங்கே இருக்கு?"

"அது அந்தக் கட்டடமாம். ரயில் ஏறிப் போகணுமாம்."

"ஓடுங்க!" என்றார் ஆச்சி.

தவில் அண்ணன் போனை வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார் போலிருக்கிறது. நாலு பேரின் மூச்சும், பெட்டி இடிக்கிற சத்தமும், "எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ" என்று யாரோ கத்துவதும் எங்கள் மேசைமேல் கேட்டுக்கொண்டிருந்தது. ஆச்சியும் இங்கே மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒரு தடவை ஸ்டூல் தட்டி விழப் பார்த்தார். பிறகு ரயில் சத்தம். பிறகு மறுபடி ஓட்டம்.

"நீல உடுப்புப் பொண்ணு இருக்கா ஆச்சி. கேட்டுட்டேன். பாக்குறா... பாக்குறா..." ஆச்சி நடையை நிறுத்தினார். "இருக்காம்! ராத்திரி கடைசி விமானம் ஒண்ணு அட்லாண்டாவுல இருந்து அந்த ஊருக்குப் போகுதாம். நாலு சீட்டு இருக்காம் லா!"

ஆச்சி என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். இரண்டு பேருமே பருத்த உடம்பு. மேசையிலிருந்த தே ஓ தேநீர்க் கோப்பை கவிழ்ந்து ரசீதுப் புத்தகமெல்லாம் நனைந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஆச்சி கேட்டார். "கழட்டின அன்னைக்கே உனக்குத் தோணிச்சா?"

"சாண் வெச்சுப் பார்த்தேன் ஆச்சி."

"ஏன் சொல்லல?"

"நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க."

ஆச்சி ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் வாய் ஓய்ந்து நின்றதை நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்து, அந்த நீல நூலைத் தேடி எடுத்து, ஸ்டூலில் ஏறித் தன் கையாலேயே கட்டினார்.

பத்தரைக்கு "அட்லாண்டா" என்று ஒரு சேதி வந்தது. மத்தியானம் "எறங்கியாச்சு. தவிலுக்கும் ஒண்ணும் ஆகல" என்று இன்னொன்று. அதைப் பார்த்த பிறகுதான் பக்கத்துக் கடையில் தப்பாவ் பண்ணி, கட்டி வாங்கி வைத்திருந்த சோற்றுப் பொட்டலத்தை ஆச்சி பிரித்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். வீட்டுக்குப் போகலாம் என்று நான் எழுந்தபோது, "எங்கே போறே? ஏழரைக்கு அங்கே தண்ணி ஊத்துறாங்க" என்றார். அங்கே காலை ஏழரை என்றால் இங்கேயும் ஏழரைதான், சாயங்காலம்.

ஏழு மணி தாண்டியதும் தவில் அண்ணன் படத்தோடு பேசும் போனில் கூப்பிட்டார். கோயில் ஆள் ஒருவர் கையில் போனைக் கொடுத்திருந்தார். சின்னக் கோபுரம், புது வெள்ளை. மேலே மூங்கில் சாரத்தில் குருக்கள் குடத்தோடு நிற்கிறார். கீழே சேலையும் வேட்டியுமாக ஜனம். தவில் அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, போனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"அண்ணே, அட்லாண்டாவுல எந்த கேட்ல இறங்கி எந்த கேட்ல ஏறுனீங்க?" என்று கத்தினார் ஆச்சி.

"ஆச்சி, கும்பாபிஷேகம் நடக்குது!"

"அது தெரியுது. எவ்வளவு தூரம் நடந்தீங்க?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குள் மேலே குடம் சாய்ந்தது. இரண்டு தவிலும் ஒன்றாக விழுந்தன. நாதஸ்வரம் எழுந்தது. அந்தச் சின்னப் போனுக்குள் அத்தனை சத்தமும் அடங்காமல் கரகரத்தது. ஆச்சி ஓடிப்போய்க் கடைக் கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்தார். போனை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி என் கையில் கொடுத்தார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். பூக்கடைக்காரர் கையிலிருந்த சரத்தோடு வாசலுக்கு வந்து, செருப்பைக் கழட்டிவிட்டுக் கும்பிட்டார்.

"என்ன ஆச்சி, எங்கே விசேஷம்?"

"அமெரிக்காவுல. வாசிக்கிறது நம்ம கிள்ளான் ஆளுங்க" என்றார் ஆச்சி. பிறகு என் பக்கம் கையை நீட்டினார். அத்தனை வருடமும் என்னை நீ, வா, போ என்று பேசியவர். "அனுப்பி வெச்சது இவங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே போய்விடலாம் என்று பார்த்தேன். போன் என் கையில் இருந்தது. தவில் இன்னும் நிற்கவில்லை.